மாத்தளைத் தோட்டப் பள்ளிக்கூடமும் பெற்றோரும்

மாத்தளை மாவட்டத்தின் கல்விப் பழமையைப் பேசப் புகுவோர் அலுவிகாரையிலிருந்து தொடங்குவதே வழக்கம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது அக்குன்றின் குகைகளிலேதான் என்பது மரபு. அங்கிருந்து வடக்கே சென்றால், நாலந்தாவில், திராவிடச் சிற்பமுறையில் அமைந்த கற்கோயில் ஒன்று நிற்கின்றது. எழுத்தும் கலையும் இவ்வாறு வேரூன்றிய நிலத்திலே, அதே அலுவிகாரையை அடுத்துள்ள தோட்டங்களிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் ஓர் எழுத்தும் அறியாமலே வளர்ந்து, உழைத்து, மறைந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தமை ஒரு வரலாறு. அப்பள்ளிக்கூடத்தைப் பெற்றோர் தமதென்று ஏற்றுக்கொண்டமை மற்றொரு வரலாறு. முதலாவதைச் சட்டப் புத்தகங்களிற் காணலாம். இரண்டாவது லயங்களிலே நடந்தது.

தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோர் முற்காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மலைநாட்டை அடைந்தனர். அப்பாதையின் முடிவில், மலைகள் எழத் தொடங்கும் இடத்தில் இருந்த ஊர் மாத்தளை. பேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. எஞ்சியோர் மாத்தளையை வந்தடைந்து, அங்கிருந்து தோட்டந் தோட்டமாகப் பிரிந்தனர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பெருமையும், அங்கு ஐந்து தேர்கள் பவனி வரும் விழாவின் சிறப்பும், இந்த நடைப்பயணத்தோடு சேர்த்தே நினைக்கத்தக்கவை.

அக்காலம் கோப்பிக் காலம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்களே அன்றைய தொழிலாளருள் மிகுதி. பிள்ளைகள் குறைவு, ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேள்வியே பெரிதாக எழவில்லை. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையிற் கண்ட நோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கிற்று. அதன் இடத்திற் பரவிய தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதைப் பறிக்கப் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தனர், வந்தவர்கள் தங்கினர், லயங்களிலே பிள்ளைகள் பிறந்தனர். மாத்தளை வரை 1880இல் புகைவண்டி வந்தபின் நடைப்பயணத்தின் கொடுமையும் குறைந்தது. தோட்டப் பிள்ளையின் கல்வி ஒரு கேள்வியாக எழுந்தது தேயிலை வந்த பின்னரே எனலாம்.

சட்டம் வருமுன்னரும் எழுத்து முற்றாக இல்லாமற்போகவில்லை. 1854இல் தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்யத் தொடங்கிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் தமிழ் மிஷன், உபதேசியார்களை அனுப்பியதோடு அங்கங்கே சிறு பள்ளிகளையும் நடத்திற்று. சில தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் மாலை வேளையிலே பிள்ளைகளைக் கூட்டி, மணலில் விரலால் எழுதக் கற்பித்தார். ஆனால் அவையெல்லாம் ஒரு துரையின் தயவையோ, ஒரு பெரிய கங்காணியின் ஆசையையோ, ஒரு தனி மனிதரின் ஊக்கத்தையோ நம்பி நின்றவை. அம்மனிதர் தோட்டம் மாறிப்போனால் பள்ளியும் போயிற்று.

1905இல் அரசாங்கம் அமைத்த வேஸ் ஆணைக்குழு ஆரம்பக் கல்வியை ஆராய்ந்தது. அதன் பின் வந்த 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிப்பதும், அதற்குத் தக்க ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இக்கடமையை மேலும் இறுக்கிற்று. தோட்டத் தொழிலாளரின் நலனில் இந்திய அரசாங்கம் காட்டத் தொடங்கிய அக்கறையும் இதற்கு ஒரு தூண்டுதல். 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1923 முதல் கண்டியிலிருந்து பணியாற்றிய இந்திய அரசாங்கப் பிரதிநிதி, தமது ஆண்டறிக்கைகளில் தோட்டப் பிள்ளைகளின் கல்வியையும் கணக்கெடுத்து எழுதினார்.

சட்டத்தில் உள்ள அந்த வயதெல்லையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி வயது பதினான்கு வரை நீண்டது. தோட்டத்துப் பிள்ளைக்கோ பத்து வயதுடன் முடிந்தது. ஏன் பத்து? பத்து வயதிலே அப்பிள்ளை பெயர் பதிந்து வேலைக்குப் போகலாம் என்பதனால் என்பதைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது. 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என மூன்று விகிதங்களை வகுத்தது. பிள்ளையின் உழைப்புக்குச் சட்டமே விலை எழுதி வைத்த காலம் அது.

இதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளையின் பெயருக்காக இரண்டு புத்தகங்கள் காத்திருந்தன. ஒன்று, கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த செக்றோல். மற்றது, வாத்தியாரின் மேசையிலிருந்த வரவு இடாப்பு. செக்றோலில் ஏறிய பெயருக்கு மாதம் முடிய ஏதோ சில சதங்கள் வரவாயின. இடாப்பில் ஏறிய பெயருக்கு வரவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே பெற்றோர் தேர்ந்துகொண்டதை அறியாமை என்று பழித்தோர் உண்டு. தோட்டத்துரைமார் பலர், தொழிலாளர் கல்வியை விரும்புவதில்லை என்றே கூறிவந்தனர். ஆயின் கடன் துண்டு முறை 1921இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. கப்பலேறுமுன்னரே கங்காணியிடம் கடன்பட்டு, அக்கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய ஒரு குடும்பத்துக்கு, பத்து வயதுப் பிள்ளையின் கூலியும் கடனைக் கரைக்கும் ஒரு துளியே. அந்நிலையில் பள்ளிக்கு அனுப்பியவர்களை வியக்கலாமேயன்றி, அனுப்பாதவர்களைக் குறைகூற இடமில்லை.

பள்ளிக்கூடமும் அன்று பெற்றோரைக் கவரும் கோலத்தில் இருந்ததன்று. பெரும்பாலும் ஒரே அறை, தகரக் கூரை, மழை வலுத்தால் வாத்தியாரின் குரல் கேளாது. ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். ஒரு மூலையில் முதலாம் வகுப்பு ஆனா ஆவன்னா ஓத, மறுமூலையில் நாலாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்புவிக்கும். ஆசிரியரை நியமித்தவரும் விலக்கக்கூடியவரும் துரையே. அரசாங்கம் பதிவுபெற்ற பள்ளிகளுக்கு நன்கொடைப் பணம் கொடுத்தது. அப்பணத்தைப் பெறப் பிள்ளைகளின் வரவு வேண்டும். ஆதலால் இடாப்பில் வரவு குறையாமற் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பிழைப்போடு பிணைந்தது. காலையிலே லயத்துக்கு லயம் சென்று பிள்ளைகளைக் கூட்டிவந்த வாத்தியார்களின் கதைகள் மலைநாடெங்கும் உண்டு.

பெற்றோரை இறுதியில் வென்றவர் அந்த வாத்தியாரே. சட்டம் அவரை அனுப்பியது என்பது உண்மை. ஆனால் சட்டத்துக்காக எவரும் அவரை நாடவில்லை. இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசிக்க அவர் வேண்டும். பதில் எழுத அவர் வேண்டும். கணக்கப்பிள்ளை போட்ட வேலைநாட்கள் சரிதானா என்று பார்க்க அவரிடம் பற்றுச்சீட்டு வரும். கோயிலில் தேவாரம் ஓதவும், காமன் கூத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவும், வழக்கு வந்தால் விண்ணப்பம் வரையவும் அவரையே தேடினர். தம் மகனே கடிதத்தை வாசித்தால் அடுத்தவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை என்று ஒரு தந்தை எண்ணிய நாளிலேதான் தோட்டப் பள்ளிக்கூடம் உண்மையில் திறக்கப்பட்டது. விசயதசமியன்று வெற்றிலை பாக்கோடு பிள்ளையை அழைத்துவந்து, பரப்பிய அரிசியிலே அதன் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் ஏடு தொடக்கல், பல லயங்களில் பள்ளிச் சேர்க்கைக்குச் சமமான சடங்காயிற்று.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. காலையிலே பிரட்டுக்குத் தாய் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்ப்பது மூத்த பெண்ணின் வேலை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்த சிறுமியரும் உண்டு. வராமலே விட்டவர்கள் மிகப் பலர். பிள்ளைக் காம்பிரா என வழங்கிய குழந்தைகள் காப்பகம் ஒழுங்காக நடந்த தோட்டத்தில் சிறுமியின் கை விடுபட்டது. அவ்வகையில், பெண் கல்விக்குக் கட்டளைச் சட்டம் செய்ததினும் பிள்ளைக் காம்பிராவில் தொட்டில் கட்டிய ஆயா அதிகம் செய்தாள் என்று சொன்னால் மிகையாகாது.

மாத்தளைத் தோட்டங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நுவரெலியாப் பகுதியிற்போல மலை முழுவதும் தேயிலையே பரந்து, தோட்டம் ஒரு தனி உலகமாகக் கிடப்பது இங்குக் குறைவு. இறத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கங்களில் தேயிலை உயர்ந்து செல்லும்; கீழே உக்குவளை, மாத்தளையை ஒட்டி இறப்பரும் கொக்கோவும் மிளகும் கராம்பும் கலந்து நிற்கும். சிறிய தோட்டங்கள் பல. அவற்றின் வேலிக்கு அப்பால் சிங்களக் கிராமம். லயத்துப் பிள்ளை கிராமத்துப் பிள்ளையோடு ஒரே ஓடையிற் குளித்தது. ஆனால் காலையில் இருவரும் வேறு வேறு பள்ளிக்குச் சென்றனர். கிராமத்துப் பள்ளியில் மேல்வகுப்பு இருந்தது. தோட்டத்துப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றது. இந்த ஒப்பீட்டை எந்த அறிக்கையும் எடுத்துச் சொல்லத் தேவையின்றி, மாத்தளைப் பெற்றோர் வேலியோரத்தில் நின்றே கண்டனர்.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1945 அக்டோபர் முதலாந் தேதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. தோட்டப் பள்ளியில் முன்னரும் கட்டணமில்லை. அங்கு இல்லாதது ஆறாம் வகுப்பு. ஏணியின் உச்சி எல்லோருக்கும் திறந்திருந்தது. அடியில் ஐந்து படிகளுக்கு மேல் தோட்டத்திலே மரம் அடிக்கப்படவில்லை. 1947இல் தோட்டப் பள்ளிகளைப் பொதுக் கல்வியோடு சேர்க்க ஏற்பாடு செய்யப்பட்டும், அது சிறிதளவே நிறைவேறிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார் யார்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன.

1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிக்கவும் வகை செய்தது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. இதன் விளைவை வாத்தியாரின் இடாப்பிலே காணலாம். ஒரே குடும்பத்து மூன்று பெயர்கள் ஒரே நாளில் வெட்டப்படும். முன்னோர் நடந்து வந்த திசையிலேயே, இம்முறை புகைவண்டியில், தலைமன்னார்த் துறைக்கு அக்குடும்பங்கள் போயின. 1972இலும் 1975இலும் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறின. மாத்தளை போன்ற பகுதிகளிற் சிறு தோட்டங்கள் சில துண்டாடப்பட, வேலையிழந்தோர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்தனர். பள்ளி இருந்தும் பிள்ளையில்லாத நிலை அப்போது தோன்றிற்று.

1977 முதல் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அன்று முதல் துரையின் பள்ளிக்கூடம் 'மா' என்னும் எழுத்தும் ஒரு சாய்கோடும் முன்னே தாங்கிய தமிழ் வித்தியாலயமாயிற்று. மாத்தளை மாவட்டப் பள்ளி என்பதற்கு அதுவே அடையாளம். ஆசிரியரின் நியமனம் அரசாங்கத்தினது. 1980 முதல் பாடப்புத்தகங்கள் இலவசம். 1980களிலிருந்து சுவீடன் நாட்டு உதவியால் மலைநாட்டுப் பள்ளிகள் பலவற்றிற் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரே ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இது சிறிய மாற்றமன்று. வாத்தியார் என்றால் வெளியூரார் என்றிருந்த நிலை மாறி, லயத்தில் பிறந்தவளே கரும்பலகை முன் நின்றாள். நாடற்றோர் பிரச்சினை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கட்டாயக் கல்வி 1998 முதல் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வரையும், 2016 முதல் பதினாறு வரையும் நீட்டப்பட்டுள்ளது. பத்து வயது என்ற பழைய வேலி இப்போது இல்லை. இன்று சனவரியில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய், செக்றோலை எண்ணி வருவதில்லை. அவள் கேட்கும் கேள்விகள் வேறு. எத்தனை ஆசிரியர்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் எத்தனை பேர் தேறினர்? ஐந்தாம் தரம் முடிந்ததும் மாத்தளை இந்து தேசியக் கல்லூரியிலோ பாக்கியம் தேசியக் கல்லூரியிலோ இடம் கிடைக்குமா. கிடைத்தால் மலையிலிருந்து காலைப் பஸ் எத்தனை மணிக்கு? வசதியுள்ளவர் முதலாம் தரத்திலேயே பிள்ளையை நகரத்துக்கு அனுப்பிவிட, மலைமேலுள்ள சிறு பள்ளியில் வகுப்புக்கு ஐந்தாறு பேரே மிஞ்சுவதும் உண்டு. அத்தகைய பள்ளியின் அதிபர், தைமாதத்துக்கு முன்னரே லயங்களுக்குச் சென்று, பிறப்புச் சான்றிதழ் இருக்கின்றதா என்று விசாரித்து, தம் பள்ளியைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கின்றார். முன்னொரு காலத்தில் இடாப்பை நிரப்ப வாத்தியார் நடந்த அதே லயத்து வாசல்களிலே.