நண்டா, நஞ்சா? சிறுநீரில் ஆர்செனிக்கை வகைபிரித்த வரலாறு

சிறுநீரில் ஆர்செனிக் உண்டா என்ற கேள்வி பழையது. எந்த ஆர்செனிக் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. இந்த இரண்டாம் கேள்விதான் இச்சோதனையை நம்பத்தக்கதாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

லண்டனை ஒட்டிய வூல்விச் படைக்கலச் சாலையின் வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ், பேரன் தாத்தாவுக்குக் காப்பியில் நஞ்சு கலந்ததாகத் தொடரப்பட்ட வழக்கொன்றில் சாட்சி சொன்னார். அவர் பிரித்தெடுத்த மஞ்சள் வீழ்படிவு விசாரணைக்குள் கெட்டுப்போனது, பேரன் விடுதலையானான். அந்த ஆற்றாமையில் அவர் உருவாக்கிய முறை 1836இல் வெளியானது. மாதிரியோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்செனிக், ஆர்சின் வாயுவாகக் கிளம்பும். அதைக் கொளுத்திச் சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கறுத்துப் பளபளக்கும் படலம் ஒட்டும். 1840இல் பிரான்சில் நடந்த லஃபார்ஜ் கொலை வழக்கில் இறந்தவரின் உடலில் ஆர்செனிக் இருந்ததை நஞ்சியலர் ஓர்ஃபிலா இம்முறையால்தான் நிறுவினார். பின்வந்த ரைன்ஷ், குட்சைட் முறைகளும் எந்த வகை ஆர்செனிக் என்று சொல்லவில்லை.

உடலுக்குள் போன, நஞ்சான கனிம ஆர்செனிக்கோடு கல்லீரல் மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கிறது. சிறுநீரில் வெளியேறுவதில் 60 முதல் 80 விழுக்காடு இரு மெத்தில் சேர்ந்த வடிவம். எஞ்சியவை ஒரு மெத்தில் வடிவமும் மாறாத கனிம வடிவமும். இரத்தத்தில் அது சில மணி நேரமே தங்கும். முடியும் நகமும் பல மாதக் கதையைச் சொல்லும். கடந்த சில நாள்களில் நேர்ந்ததை அறியச் சிறுநீரே ஏற்றது.

சிக்கல் கடலுணவில் இருந்தது. முந்தின நாள் நண்டு சாப்பிட்டவரின் மொத்த ஆர்செனிக் அளவு நஞ்சுண்டவருடையதைப்போல் எகிறும். 1973இல் பிராமனும் ஃபோர்பேக்கும் மார்ஷின் வாயு உத்தியையே புது வடிவில் கையாண்டார்கள்: கிளம்பிய ஆர்சின்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மெல்லச் சூடேற்றினார்கள். ஆர்சின் முதலில் ஆவியாகும். மெத்தில் சேர்ந்தவை ஒவ்வொன்றாய்ப் பின்னால் வரும். இம்முறையில் நண்டின் ஆர்செனிக் வாயுவாவதே இல்லை! 1977இல் ஆஸ்திரேலியப் பாறை இறாலில் அச்சேர்மம் ஆர்செனோபீட்டைன் என்று அடையாளம் காணப்பட்டது. உடல் அதை ஏறக்குறைய அப்படியே வெளியேற்றிவிடுகிறது. நஞ்சென்று சொல்ல ஏதுமில்லை.

மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் கலந்த குழாய்க்கிணற்று நீரால் வந்த தோல் புண்களைக் கல்கத்தா மருத்துவர் கே. சி. சாஹா 1983இல் இனங்கண்டார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் கிராமத்தாரின் முடி, நகம், சிறுநீர் மூன்றையும் சோதித்தார்கள். சிறுநீரில் அவர்கள் அளந்தது கனிம ஆர்செனிக்கையும் அதன் மெத்தில் வடிவங்களையும் மட்டுமே. மீனில்லாமல் சோறிறங்காத வங்காளத்தில் இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு தொழிலாளர்களுக்கு வகுத்த லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்ற வரம்பும் கனிம, மெத்தில் வடிவங்களின் கூட்டுத்தொகைக்கே உரியது.

முறை முழுக்கக் குறையற்றதல்ல. கடற்பாசியில் உள்ள ஆர்செனிக் சர்க்கரைகள் உடலில் சிதைந்து இரு மெத்தில் வடிவமாகி ஏமாற்றும். ஆகவே மாதிரி கொடுக்குமுன் மூன்று நான்கு நாள் மீன், நண்டு, இறால், கடற்பாசி எதையும் தொடாதிருங்கள். மொத்த ஆர்செனிக் அளவை மட்டும் காட்டும் அறிக்கை வந்தால், வகைபிரித்த முடிவைக் கேட்டு வாங்குங்கள்.