தினைப்புனத்து வேடங்கள்: வள்ளி கதையில் காதலும் சூழ்ச்சியும்

ரொசினியின் ‘செவில் நகர நாவிதன்’ (ரோம், 1816) என்ற இசை நகைநாடகத்தையும் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் பாடிய வள்ளி கதையையும் அருகருகே வைத்தால் இரண்டின் கதைக்கட்டும் பெரிதும் ஒத்திருக்கிறது. காதலருக்குத் துணை நிற்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு. தமிழ் மரபின் தனித்தன்மையும் அங்கேதான் வெளிப்படுகிறது என்பது என் வாதம்.

ரொசினியின் நாடகத்தில் அல்மவிவா பிரபு ஏழை லிண்டோரோவாக ரோசினாவிடம் அறிமுகமாகிறான். முருகன் வேடனாக வள்ளியிடம் வருகிறான். பாட்டு வாத்தியார் கோலத்தில் வந்த பிரபுவை ரோசினாவின் காப்பாளன் பர்த்தோலோ தானே வீட்டுக்குள் விடுகிறான். வள்ளியின் தந்தை நம்பிராசன் வரக் கண்டு முருகன் முதலில் வேங்கை மரமாகிறான், பின்னர் கிழவராகிறான். அக்கிழவரை மகளுக்குத் துணையாக விட்டுச் செல்பவன் நம்பிராசனே. காவல், காவலன் கையாலேயே உடைகிறது.

நாவிதன் ஃபிகாரோ பொன்னுக்காகச் சூழ்ச்சி சொல்பவன். அகமரபின் தோழியோ கூலிக்கு உழைப்பவள் அல்லள். செவிலியின் மகள், தலைவியோடு வளர்ந்தவள். சேட்படுத்தித் தலைவனைச் சோதிப்பாள். பகற்குறியும் இரவுக்குறியும் அமைப்பாள். முடிவில் அறத்தொடு நின்று களவை வெளிப்படுத்துவாள். அவள் சூழ்ச்சி உண்மையைச் சொல்வதில் முடிகிறது. கந்தபுராணத்திலும் முருகன் தோழியிடம் இரந்து நின்று, அவள் துணையோடுதான் வள்ளியை அழைத்துச் செல்கிறான்.

விநாயகர் யானையாக வந்து வள்ளியை அச்சுறுத்தி முருகனை நாடவைப்பது வற்புறுத்தல் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் காட்சியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் புராணமும் அதைத் திருமணமாகக் கொண்டு கதையை முடிக்கவில்லை. அவளை அழைத்துச் சென்ற முருகனை எதிர்த்த போரில் மாண்ட தந்தையையும் உறவினரையும் முருகன் சொற்படி வள்ளி எழுப்புகிறாள். அவர்கள் முன்னிலையில்தான் மணம் நடக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ மேடையில் வாழ்ந்த விதம் இந்த அமைப்பை மாற்றியது. மேடையில் சூழ்ச்சி நாரதரிடமும் சிரிப்பு பபூனிடமும் போய்ச் சேர்ந்தன. தோழியின் இடம் சுருங்கியது பெரும் இழப்பு. ஈடாக, பரண்மேல் நின்று நாரதரோடும் வேடனோடும் தர்க்கம் செய்யும் வள்ளி வளர்ந்தாள். ரோசினா பூட்டிய வீட்டுக்குள் இருந்து கடிதம் எழுதுகிறாள். வள்ளி திறந்த புனத்தில் கவண் கையில் கொண்டு, வந்தவனைக் கேள்வி கேட்கிறாள்.

இக்கதையைச் சிகாமட்டிலிருந்து வாசிக்கையில் அந்தப் புனம் கண்முன் விரிகிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஊர் இது. சுற்றிலும் தமிழர் உழைத்த ரப்பர்த் தோட்டங்கள். முருக வழிபாட்டைக் கடல் கடந்து கொண்டுவந்த அந்த மக்களில் பெண்களும் விடியலில் காட்டுக்குப் போனவர்களே. வள்ளியும் புனத்தில் வேலை செய்யும் பெண்தான். காதலிக்கப்படும் முன்பே அவளுக்கு ஒரு தொழிலும், காக்க ஒரு விளைநிலமும், மறுத்துப் பேச ஒரு நாவும் உண்டு. வள்ளி கதையின் ஆய்வு, முருகனின் வேடங்களை எண்ணுவதோடு நில்லாமல் அவளுடைய மறுமொழிகளுக்கும் உரிய இடம் தர வேண்டும்.