கயிறும் கஞ்சாவும்: மண்ணில்லா வேளாண்மையில் ஒரு குமரிக் கிளைக்கதை

குளச்சல் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மிளகில்தான் தொடங்குவார்கள். 1741இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா அக்கடற்கரையில் முறியடித்ததும், சிறைப்பட்ட டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானதும் மிளகு வணிகத்தின் கிளைக்கதைகளே. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது வேறு இரு தாவரங்களைப் பற்றி. அன்றைய ஐரோப்பியக் கப்பலின் பாய்மரக் கயிறுகளும் பாய்களும் கஞ்சா இனச் செடியின் நாரால் ஆனவை. ‘கேன்வாஸ்’ என்னும் சொல்லே ‘கன்னாபிஸ்’ என்பதன் திரிபுதான். (நாம் சணல் என்று வழங்குவது வேறு செடி.) கரையில் கிடந்த கட்டுமரங்களையும் வள்ளங்களையும் பிணைத்திருந்ததோ தேங்காய் நார்க் கயிறு. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவு வழியாகச் சென்ற இபின் பதூதா, இந்தியாவிலும் ஏமனிலும் கப்பல் பலகைகளை இந்தக் கயிற்றால்தான் தைத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

கடலில் எதிரெதிராக நின்ற இவ்விரு செடிகளும் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரே தொட்டியில் சந்தித்துக்கொண்டன. சந்தித்த இடம் நெதர்லாந்து. தென்னை கொடுத்தது நாரை அன்று, நாரை எடுத்தபின் எஞ்சும் தூளை.

டச்சுக்காரர்களுக்குக் கஞ்சாச் செடி இங்கேயே அறிமுகமாகியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் பத்தாம் தொகுதியில் இச்செடிக்கு இரண்டு படங்கள் உள்ளன. ‘களெங்கி கஞ்சாவு’, ‘செறு கஞ்சாவு’ என்று மலையாளப் பெயர்களே தலைப்பாக லத்தீன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கயிறு திரிக்கும் செடியாக மட்டுமே அதைப் பார்த்துப் பழகிய வடபுல ஐரோப்பியர், இங்குள்ளவர் அதை மருந்தாகவும் போதையாகவும் பயன்படுத்துவதை வியப்புடன் குறித்துக்கொண்ட காலம் அது. நம் சித்த மருத்துவர்கள் சிவமூலி என்று அதற்கு மரியாதையான பெயர் வைத்திருந்தார்கள்.

இனி தென்னைக்கு வருவோம். கண்டிப்பாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களே நாஞ்சில் நாடு. அது நெல்லின் நாடு. கயிற்றின் நாடு அதற்கு மேற்கே, மணக்குடிக் காயலிலிருந்து குளச்சல் வழியாகத் தேங்காப்பட்டணம் வரை கடலோரமாகச் செல்லும் தென்னந்தோப்புகளின் நிலம். ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பிற்காலத்துப் பெருமை. அதற்கு வெகுகாலம் முன்பே தேங்காயைவிட அதன் மட்டையை, இவ்வூர்ப் பேச்சில் கதம்பையை, நம்பிய குடும்பங்கள் இக்கரையில் மிகுதி.

கதம்பையை உப்பும் நன்னீரும் கலந்த காயல் நீரில் ஆறு முதல் பத்து மாதம்வரை ஊறப்போடுவார்கள். நுண்ணுயிர்கள் நாரையும் சதையையும் பிணைக்கும் பசையைத் தின்று தீர்க்கும். நீர் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் எழும். ஊறிய மட்டையைக் கரையேற்றித் தோலுரித்து, மரக்கொட்டாப்புளியால் அடித்து நாரைப் பிரிக்கும் வேலை முழுக்கவும் பெண்களுடையது. கை வெந்து தோலுரிந்த வேலை அது. ஆலப்புழையில் 1859இல் டேரா ஸ்மெயில் கம்பெனி முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின் திருவிதாங்கூர்க் கரை முழுவதும் இத்தொழில் பெருகிற்று. மறு ஆண்டு தொடங்கப்பட்டு முற்றுப்பெறாமலே நின்றுபோன அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், படகுப் போக்குவரத்துக்கென வெட்டப்பட்டது; கடைசியில் மட்டை ஊறப்போடவும் அது பயன்பட்டது. தகழி 1978இல் வெளியிட்ட தம் பெருநாவலுக்குக் ‘கயறு’ என்றே பெயரிட்டார். இக்கரை வாழ்வு முழுவதையும் ஒரு சொல்லில் அடக்க முடியுமானால் அது அந்தச் சொல்தான் என்று நமக்கும் தோன்றுகிறது.

ஒரு பங்கு நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு பங்கு தூள் எஞ்சும். மலையாளத்தில் இதற்குச் ‘சகிரிச்சோறு’ என்று பெயர். சோறு என்று அழைத்தார்களே தவிர எதற்கும் ஆகாத பொருளாகவே அது கிடந்தது. லிக்னின் மிகுந்ததால் எளிதில் மக்காது. ஈரத்தை விடாததால் ஒழுங்காக எரியாது. மழை பெய்தால் பழுப்புச் சாறு வடிந்து கிணற்றைக் கெடுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் சிப்பிக் காளானையும் யூரியாவையும் கொண்டு அதை மக்கவைத்து, கரி–தழைச்சத்து விகிதத்தை 112:1 என்பதிலிருந்து 24:1 ஆகக் குறைக்கும் முறையைக் கண்டது பிற்பாடு. அதுவரை, சாலையோரக் குவியல் என்பதைத் தவிர அதற்கு வேறு வரலாறில்லை.

இந்தத் தூள் உலகுக்குத் தேவைப்பட்ட கதை அறிவியலில் தொடங்குகிறது. 1699இல் இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினாச் செடிகளை மழைநீரிலும் தேம்ஸ் நீரிலும் மண் கரைத்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். நீர் எவ்வளவு கலங்கலோ அவ்வளவுக்குச் செடி வளர்ந்தது. அந்தக் கலங்கலில் என்ன இருக்கிறது என்பதை 1860களில் ஜெர்மனியின் சாக்ஸும் நாப்பும் உப்புக்களாகப் பிரித்துச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவின் கெரிக் 1929 முதல் தொட்டி நீரில் தக்காளியை ஆளுயரத்துக்கும் மேலே ஏற்றிக்காட்டி, 1937இல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்னும் பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பல்கலைக்கழகத்திலேயே ஹோக்லண்டும் அர்னானும் 1938இல் அதை ஆராய்ந்து, நல்ல மண்ணில் கிடைப்பதைவிட நீரில் விளைச்சல் கூடுதலாகக் கிடைப்பதில்லை என்று எழுதினார்கள். இன்றைய ஹைட்ரோபோனிக்ஸ் விளம்பரங்களில் அவர்களுடைய கரைசலின் பெயர் இருக்கும், இந்த முடிவு இருக்காது.

இந்தியாவுக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. அதை நாம் மறந்ததுதான் வியப்பு. பஞ்சம் வங்கத்தைத் தின்று மூன்றாண்டுகளே ஆகியிருந்த 1946இல் ஷோல்ட்டோ டக்ளஸ் காலிம்பொங் பகுதியில் மண்ணில்லாச் சாகுபடிச் சோதனைகளைத் தொடங்கினார். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. உடைத்த கல்லும் மணலும் நிரப்பிய பாத்திகளில் உலர்ந்த உரக் கலவையைத் தூவி நீர் ஊற்றினால் போதும். 1951இல் அவருடைய நூல் ‘வங்காள முறை’ என்ற பெயரைத் தாங்கியே வெளிவந்தது. ஏழைக் குடும்பத்தின் காய்கறிக்காக எண்ணப்பட்ட முறை அது. மண்ணில்லாச் சாகுபடியின் நுட்பங்களைப் பின்னாளில் கூர்தீட்டியதில் பெரும்பங்கு பசிக்கு உரியதன்று, தடை செய்யப்பட்ட ஒரு செடிக்கு உரியது.

கஞ்சா வீட்டுக்குள் புகுந்தது தானாக அன்று, துரத்தப்பட்டு. 1970களின் பிற்பகுதியில் மெக்சிகோ வயல்களில் பாராகுவாட் நஞ்சு தெளிக்கப்பட்டது. 1983 முதல் கலிஃபோர்னிய மலைகளில் ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டன. வானிலிருந்து தெரியாத இடம் நாடி, சோடியம் விளக்கின்கீழ் அடைத்த அறைகளுக்குள் செடி ஒதுங்கிற்று. அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை 1989 அக்டோபரில் ஹைட்ரோபோனிக்ஸ் சாமான் விற்ற கடைகளையே நாடெங்கும் சோதனையிட்டது. நெதர்லாந்தில் நிலைமை வேறு விதமாகக் கோணலானது. 1976இன் சட்டத் திருத்தத்துக்குப்பின் காப்பிக்கடையில் சிறிதளவு விற்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அக்கடைக்குச் சரக்கு வருவதோ குற்றமாகவே நீடித்தது. முன்வாசல் திறந்து பின்வாசல் அடைத்த அந்த நிலையில் மாடியறைகளும் நிலவறைகளும் தோட்டங்களாயின. காப்பிக்கடைக்கு அரசு அனுமதியோடு விளைந்த சரக்கு செல்ல, சோதனை அளவிலேனும், 2023 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருட்டறையில் முளைப்பாரி வளர்த்து அம்மன் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் ஊர்க்காரர்களான நமக்கு, அறைக்குள் பயிர் என்பது அவ்வளவு அந்நியமன்று. ஆனால் முளைப்பாரிக்கு ஒளியின்மை வேண்டும், இதற்கு ஒளி வேண்டும். அந்த ஒளிக்கு ஆகும் மின்கட்டணமே பலரைக் காட்டிக்கொடுத்தது.

அந்த அறைகளில் எந்த முறை வென்றது என்பதை, எது அதிகம் விளைவித்தது என்று கேட்டு அறிய முடியாது. எது பிழையை மன்னித்தது என்று கேட்கவேண்டும். வேரை முழுக்க நீரில் தொங்கவிடும் முறை எளியது, ஆனால் நீர் சூடேறி உயிர்வளி குறைந்தால் வேர் அழுகும். இங்கிலாந்தின் ஆலன் கூப்பர் 1960களில் உருவாக்கிய மெல்லிய நீரோட்ட முறை சிக்கனமானது, அழகானதும்கூட. கீரை வகைகளுக்கு இன்றும் அதுவே சிறந்தது. பம்ப் நின்றால் அதில் செடிக்குச் சில மணி நேரமே ஆயுள். வேரைக் காற்றில் தொங்கவிட்டுப் பனிபோல் நீர் தெளிக்கும் முறையில் அந்த அவகாசமும் இல்லை. ஆய்வகத்தில் இவை சாதாரண இடர்கள். பழுது பார்க்க வெளியாளை அழைக்க முடியாத கள்ள அறையில் ஒரு மின்வெட்டு முழு நட்டம். எனவே நீரைச் சிறிது நேரமாவது பிடித்துவைக்கும் ஊடகம் தேவைப்பட்டது. பாறையை உருக்கிப் பஞ்சாக நூற்ற ராக்வூல் 1969 முதல் டென்மார்க்கிலிருந்து வந்தது. டச்சுக் கண்ணாடி வீடுகளின் தக்காளி அதில்தான் விளைந்தது. ஆனால் பயன்படுத்தியபின் அது மக்குவதில்லை. கள்ளத் தோட்டக்காரனுக்கு மக்காத குப்பை என்பது சாட்சியம்.

இங்கேதான் கதம்பைத் தூள் நுழைகிறது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கும். தாங்கியும் வேருக்குக் காற்றை விடும். பயன்படுத்தியபின் தோட்டத்தில் கொட்டிவிடலாம். 1860களில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் ‘தேங்காய் நார்க் கழிவு’ என்று இதை வாங்கிப் பயன்படுத்தி, பிறகு மறந்துபோனார்கள். கரிச்சதுப்பு நிலங்களைத் தோண்டி விற்பதற்கு எதிரான இயக்கம் 1980களின் இறுதியில் வலுத்தபோது மீண்டும் நினைவுக்கு வந்தது. 1990களில் இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் அழுத்திய கட்டிகளாகக் கப்பலேறிற்று. ஸ்ட்ராபெர்ரிக்கும் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் சென்றதே மிகுதி. காப்பிக்கடைகளின் பின்வாசலுக்குச் சென்றதும் உண்டு. கனடா 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபின் அந்நாட்டுத் தோட்டங்களில் அது வெளிப்படையான வணிகப் பண்டம்.

இதனால் தேங்காப்பட்டணத்துக்கு என்ன கிடைத்தது? மிகக் கொஞ்சம். காயலில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு ஏறியிருக்கும். சோடியமும் குளோரைடும் வேருக்கு ஆகாதவை. காயலில் ஊறாத மட்டையை இயந்திரத்தில் அடித்து நாரெடுக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தூளில் அந்தக் குறை குறைவு. எனவே வணிகம் உள்நாட்டுக்குப் போயிற்று. நூற்றாண்டாகக் கை வெந்த கரைக்கு, கழிவு பொன்னானபோது பங்கில்லை. பொன் கிடைத்த ஊருக்கும் அது முழு நன்மையாக இல்லை. தூளில் இயல்பாகவே உள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் நீக்க நல்ல நீரில் திரும்பத் திரும்பக் கழுவவேண்டும். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். ஐரோப்பிய அறையில் நீரைச் சேமிக்கும் பொருளுக்காகக் கொங்கு நாட்டின் நிலத்தடி நீர் செலவாகிறது. கழுவிய நீர் நிலத்தில் இறங்குகிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் இத்தொழிலை மாசில்லாத வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். வாரியத்தின் பக்கமே நியாயம் மிகுதி என்பது நம் கருத்து. கிணற்று நீர் பழுப்பாவதைக் காயல் கரைக்காரர்கள் தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார்கள்.

செடியின் கதைக்கு இந்தியச் சட்டம் வேறு முடிவை எழுதியது. பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, அளவான பழக்கத்தால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம் என்று 1894இல் அறிக்கை தந்தது. வரி வருமானத்தில் அரசுக்கிருந்த அக்கறையையும் சேர்த்தே அதை வாசிக்கவேண்டும். 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உரிமமின்றிச் செடி வளர்ப்பதற்கு இப்போது பத்தாண்டுவரை சிறை என்கிறது. இலையையும் விதையையும் மட்டும் தனியே எடுத்தால் அச்சட்டத்தின்படி அவை கஞ்சா ஆகா. 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க ஐநா ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. உத்தராகண்ட் மட்டும் 2018இல், போதைச்சத்து 0.3 விழுக்காட்டுக்குக் குறைந்த வகையை நாருக்காகப் பயிரிட உரிமம் தந்தது. செடி தன் பழைய கயிற்று வேலைக்குத் திரும்பும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

கதம்பைத் தூள் இதற்கிடையே தூத்துக்குடியிலும் கொச்சியிலும் தடையின்றிக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, ஐந்து கிலோக் கட்டிகளாக. எத்தனை முறை கழுவி அனுப்பினாலும், அக்கரையில் கட்டியைப் பிரித்து நீர் ஊற்றி ஊதவைக்கும் அனுபவசாலி, செடியை நடுவதற்குமுன் ஒரு சிறு கருவியை அதில் அமிழ்த்தி உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்.