ஆசானா, ஏடா? – ஹிஜ்ரி 441இன் ஒரு வழக்கும் இன்றைய வகுப்பறையும்

எங்கள் அரபிக் கல்லூரியில் சென்ற ஆண்டு ஷவ்வால் மாதம் வகுப்புகள் தொடங்கியபோது நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஒரே ஒரு பொருள்தான் நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. பாடவேளையில் மாணவர்கள் கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதே அது. மூத்த ஆசிரியர்கள் கூடாது என்றனர். இளையவர் ஒருவர், ஒரு நூலகம் முழுவதுமே அதற்குள் அடங்கியிருக்கும்போது அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது முறையா என்று வினவினார். என் முறை வந்தபோது நான் கூடாது என்ற பக்கமே பேசினேன். வாய்மொழியாகக் கேட்டுக் கற்பதே நம் முன்னோர் வழி என்றும் சொல்லி வைத்தேன்.

அன்றிரவு வேறொரு தேவைக்காக இப்னு அபீ உஸைபிஆவின் (மறைவு ஹி. 668 / கி.பி. 1270) மருத்துவர் வரலாற்று நூலாகிய ‘உயூனுல் அன்பா’வைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் கண்ட ஒரு பழைய வழக்கு, பகலில் நான் பேசியதை அவ்வளவு எளிதாகப் பேசியிருக்கக் கூடாது என்று எண்ண வைத்தது.

ஹி. 441இல் (கி.பி. 1049–50) பக்தாத் நகரத்து மருத்துவர் இப்னு புத்லான், அலெப்போ, அந்தாக்கியா வழியாக நெடும்பயணம் செய்து எகிப்தின் ஃபுஸ்தாத் நகரை அடைந்தார். அவர் கிறிஸ்தவர், பெரிய ஆசிரியர்களிடம் முறையாகப் பாடம் கேட்டவர், எழுத்தில் நயமும் நகைச்சுவையும் மிக்கவர். பாத்திமீ கலீஃபாக்களின் ஆட்சியில் இருந்த எகிப்தில் அப்போது மருத்துவர்களின் தலைவராக விளங்கியவர் அலீ இப்னு ரிழ்வான். இருவருக்குமிடையே பெரும் எழுத்துப்போர் மூண்டது. அது தொடங்கிய காரணத்தைக் கேட்டால் வாசகர் நகைப்பர்: கோழிக்குஞ்சின் இயல்பு வெப்பம் மிக்கதா, கூட்டிலிருக்கும் பறவைக் குஞ்சின் இயல்பு வெப்பம் மிக்கதா என்பதே கேள்வி. குஞ்சில் தொடங்கிய சண்டை அரிஸ்டாட்டிலின் தத்துவம் வரை வளர்ந்தது. இடையிடையே ஒருவர் முகத்தோற்றத்தை மற்றவர் இகழும் அளவுக்கும் இறங்கியது. அந்த மடல்களை ஜோசப் ஷாக்ட், மாக்ஸ் மேயர்ஹோஃப் என்னும் இரு ஆய்வாளர்கள் 1937இல் கெய்ரோவில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தனர்.

நமக்கு வேண்டியது குஞ்சுகளின் வெப்பமன்று. இப்னு ரிழ்வானுக்கு மருத்துவத்தில் ஆசிரியர் எவரும் இருந்ததில்லை. அதைக் குறையாகக் கருதாமல், மருத்துவக் கலையை ஆசிரியரிடம் கற்பதைவிட நூல்களிலிருந்து கற்பதே பொருத்தமானது என்று அவர் ஒரு நூலே எழுதினார். இப்னு புத்லான் தம் மடலின் முதல் அதிகாரத்தை அதற்கு மறுப்பாக அமைத்தார்.

இப்னு ரிழ்வான் ஏன் அப்படி எழுதினார் என்பதை அவரது தன்வரலாறே காட்டுகிறது. கீஸா ஊரில் ரொட்டி சுடும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பத்து வயதில் நகருக்கு வந்தார். பதினான்கு வயதில் மருத்துவமும் தத்துவமும் கற்கத் தொடங்கினார். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை. சோதிடம் பார்த்தும், சிறு மருத்துவம் செய்தும், பாடம் சொல்லிக்கொடுத்தும் வயிற்றைக் கழுவினார். கிடைத்த ஏடுகளை வைத்துக்கொண்டு தாமே படித்தார். கி.பி. 1006இல் வானில் தோன்றிய பேரொளி விண்மீனைப் பதினெட்டு வயது இளைஞராகக் கண்டு, பிற்காலத்தில் தாலமியின் நூலுக்கு எழுதிய உரையில் அவர் விவரித்து வைத்த குறிப்பு இன்றைய வானியலாரும் எடுத்தாளும் சான்றாக இருக்கிறது. ஆசிரியரில்லாமல் இவ்வளவு தூரம் வந்த ஒருவர், ஆசிரியர் தேவையில்லை என்று சொன்னதில் வியப்பில்லை. அதில் கொஞ்சம் ஆணவம் உண்டு. ஆனால் அந்த ஆணவத்துக்கு அடியில் ஒரு ரொட்டிக்காரர் மகனின் வறுமை இருக்கிறது. முன்னோர் வழி என்று கூட்டத்தில் முழங்கியபோது இந்த ஏழைச் சிறுவனை நான் மறந்திருந்தேன். எங்கள் கல்லூரியிலும், அச்சிட்ட உரைநூல் ஒன்றை விலைக்கு வாங்க இயலாமல் மூத்தவன் விட்டுச்சென்ற பழைய கைப்பேசியில் அதைப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

இப்னு புத்லானின் வாதங்களும் இலேசானவை அல்ல. கற்பவனின் ஏற்கும் திறன் இரு நிலையிலும் ஒன்றாயிருக்குமானால் என்ற நிபந்தனையோடுதான் அவர் தொடங்குகிறார். ஆசிரியர் சொன்ன சொல் மாணவனுக்கு விளங்காவிட்டால் அவர் வேறொரு சொல்லால் மாற்றிச் சொல்வார்; நூலால் அது இயலாது என்பது ஒரு வாதம். எழுத்து பேச்சின் நிழல், பேச்சு எண்ணத்தின் நிழல். ஆகவே ஏட்டில் படிப்பவன் நிழலின் நிழலைப் படிக்கிறான் என்பது மற்றொன்று. நூலில் மட்டுமே நேரக்கூடிய கேடுகளையும் அவர் அடுக்குகிறார்: ஒத்த வடிவ எழுத்துகளால் வரும் திரிபு, கண் தாவிப் படிப்பது, இஃராபு அறியாமை, பிரதியின் சிதைவு, விளங்காத கிரேக்கச் சொற்கள்.

முதலில் சொன்ன அந்தத் திரிபுக்கு நம் மரபில் ‘தஸ்ஹீஃப்’ என்று பெயர். அரபு எழுத்துகள் பல ஒரே வடிவின. புள்ளிதான் அவற்றைப் பிரிக்கிறது. ஏட்டை மட்டுமே நம்பிக் கற்றவனை ‘ஸஹஃபீ’ என்று முன்னோர் இகழ்ந்ததும் இதனால்தான். ஏழு காரிகளுள் ஒருவரான ஹம்ஸா அஸ்ஸய்யாத் இளமையில் ஆசிரியரின்றி முஸ்ஹஃபைப் பார்த்து ஓதி, ‘ஐயம்’ எனப் பொருள்படும் ‘ரைப்’ என்ற சொல்லை ‘எண்ணெய்’ எனப் பொருள்படும் ‘ஸைத்’ என்று வாசித்துவிட்டதாக ஒரு கதை உண்டு. ‘ஸய்யாத்’ என்றால் எண்ணெய் வணிகர். அந்தப் பட்டப்பெயரை வைத்து யாரோ கட்டிய கேலியாகத்தான் தோன்றுகிறது. எனினும் அறிஞர்கள் இந்நோயை விளையாட்டாகக் கொள்ளவில்லை. அபூ அஹ்மத் அல்அஸ்கரீயும் இமாம் தாரகுத்னீயும் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலேயே இதற்கென்று தனி நூல்கள் எழுதினர்.

இந்நோயை என் வகுப்பிலேயே கண்டேன். வணிகச் சட்டப் பகுதியில் ‘கியாருல் அய்ப்’ என்பது குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமை. கைப்பேசியிலிருந்து வாசித்த மாணவன் அதைக் ‘கியாருல் கைப்’ என்று படித்தான். தட்டச்சு செய்தவர் ஒரு புள்ளியைக் கூடுதலாக இட்டிருந்தார்; ‘அய்ன்’ ‘கைன்’ ஆகிவிட்டது. குறை என்பது மறைவு என்றாயிற்று. நான் வியந்தது அதற்கன்று. பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் மறுக்கும் உரிமை இது என்று அவன் நயமாகவே விளக்கம் தந்தான். அப்படியோர் உரிமை ஹனஃபீ சட்டத்தில் வேறு பெயரில் இருக்கவும் செய்கிறது! பொருளற்ற பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பொருள் தரும் பிழையைப் பிடிக்க வேறொருவர் வேண்டும்.

அந்த வேறொருவரை நம் முன்னோர் பெயர் சொல்லி நியமித்திருந்தார்கள் என்பதுதான், இவ்வழக்கைத் தொடர்ந்து படித்தபோது எனக்குப் புலப்பட்டது. ஏட்டுக்கு எதிராக வாய்மொழியை நிறுத்தினார்கள் என்று நான் கூட்டத்தில் சொன்னது பாதி உண்மையே. அவர்கள் ஏட்டை ஒதுக்கவில்லை. ஒவ்வோர் ஏட்டுக்கும் பொறுப்பாளி ஒருவரைத் தேடினார்கள். ஹிஜ்ரி ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் திமிஷ்கில் நூல்கள் பலர் கூடியிருக்க வாசிக்கப்பட்டபோது, அப்பிரதியிலேயே ‘ஸமாஉ’ எனப்படும் சான்றுக் குறிப்பு எழுதப்பட்டது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில், யார் வாசிக்க, யார் யார் கேட்டனர் என்று அதில் பதிவாயிற்று. தாமதமாக வந்தவர், இடையே உறங்கியவர், பேசிக்கொண்டிருந்தவர் பற்றிய குறிப்புகளும் சிலவற்றில் உண்டு. இன்றைய வருகைப்பதிவேடு எதுவும் இவ்வளவு நாணயமாக எழுதப்படுவதில்லை.

வகுப்பில் கவனம் சிதறும் மாணவன் பற்றிய கேள்வியும் புதிதன்று. இமாம் தாரகுத்னீ இளைஞராக இருந்தபோது பக்தாதில் இஸ்மாயீல் அஸ்ஸஃப்ஃபார் அவர்களின் வகுப்பில், ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கத் தாம் வேறொரு பிரதியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். இப்படி எழுதிக்கொண்டே கேட்டால் நீர் கேட்டது செல்லாது என்றார் அருகிலிருந்தவர். உஸ்தாத் இதுவரை எத்தனை ஹதீஸ்கள் சொன்னார் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார் தாரகுத்னீ. அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு என்று சொல்லி, அத்தனையையும் அறிவிப்பாளர் தொடரோடு வரிசையாக ஒப்பித்தாராம். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643 / கி.பி. 1245) தம் ஹதீஸ் கலை நூலில் இதை எடுத்துக்காட்டி, விளங்கிக்கொள்ளத் தடையாகாத அளவுக்கு எழுதினால் குற்றமில்லை என்ற பக்கம் சாய்கிறார். கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மாணவர்களும் இந்நிகழ்ச்சியை எனக்கு எடுத்துக்காட்டுவதுண்டு. அவர்களிடம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறேன்.

அச்சு வந்தபோதும் இதுவே நடந்தது. 1727இல் உதுமானிய சுல்தான் மூன்றாம் அஹ்மத், இப்ராஹீம் முதஃபர்ரிகாவுக்கு அச்சகம் நடத்த ஆணை தந்தார். மார்க்க நூல்கள் அவ்வனுமதியில் சேர்க்கப்படவில்லை. அனுமதிக்கப்பட்ட நூல்களுக்கும் கற்றறிந்த திருத்துநர்கள் நியமிக்கப்பட்டனர். 1729இல் வெளிவந்த முதல் நூல், ஜவ்ஹரீயின் ‘ஸிஹாஹ்’ அரபு அகராதியின் துருக்கி மொழியாக்கம். பிழையற்ற சொல்லைக் காக்கும் அகராதியிலிருந்து அச்சுத்தொழில் தொடங்கியதை நான் நற்குறியாகக் கொள்கிறேன்.

எகிப்தில் முஹம்மத் அலீ பாஷா 1820ஐ ஒட்டி நிறுவிய பூலாக் அச்சகத்தில் இந்த ஏற்பாடு முழுமை பெற்றது. அங்கே ‘முஸஹ்ஹிஹ்’ எனப்பட்ட திருத்துநர்களாக அல்அஸ்ஹரில் பயின்ற ஆலிம்கள் அமர்ந்தனர். இப்னு கல்தூனின் ‘முகத்திமா’ 1857இல் அங்கு அச்சானபோது அதைத் திருத்தியவர் ஷைக் நஸ்ர் அல்ஹூரீனீ. அச்சகங்களுக்கென்று எழுத்திலக்கண நூலொன்றும் எழுதியவர் அவர். பூலாக் நூல்களின் இறுதிப் பக்கத்தில் திருத்துநர் தம் பெயரைச் சொல்லி, பணி முடிந்த நாளைக் குறித்து, இறைவனைப் புகழ்ந்து முடிப்பார். அப்பக்கத்தை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. ஆனால் நூலில் பிழை இருந்தால் அதற்கு ஒரு முகவரி உண்டு என்று சொல்லும் பக்கம் அதுதான். நம் முன்னோர் அரபுத்தமிழ் நூல்களைக் கல்லச்சில் பதித்தபோதும் ஒரு காத்திபின் கையெழுத்தே நூலாயிற்று. எழுதிய கை கண்முன் தெரிந்தது.

இப்போது வந்திருப்பது வேறு வகை. ‘அல்மக்தபா அஷ்ஷாமிலா’ போன்ற மின்நூலகங்கள் ஆயிரக்கணக்கான நூல்களை ஏழை மாணவனின் கைக்குக் கொண்டுவந்தன. இப்னு ரிழ்வான் உயிரோடிருந்தால் ஆனந்தக் கண்ணீர் வடித்திருப்பார். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இருந்து, கேட்டால் பதில் உரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பரவலாயின. இவை இப்னு புத்லானின் மிக வலுவான வாதத்தையே உடைத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விளங்கவில்லை என்றால் வேறு சொல்லால் மாற்றிச் சொல்ல நூலால் இயலாது என்றார் அவர். இக்கருவி சலிக்காமல் பத்துமுறை மாற்றிச் சொல்கிறது. நான் மூன்றாம் முறையிலேயே சினம் கொள்பவன்.

ஆனால் கருவியின் பதிலுக்கு இறுதிப் பக்கம் இல்லை. இல்லாத நூலின் பெயரையும் இல்லாத அறிவிப்பாளரையும் அது தயங்காமல் சொல்லக் கண்டிருக்கிறேன். சுட்டிக்காட்டினால் பணிவாக மன்னிப்புக் கேட்டு, மற்றொன்றைச் சொல்கிறது. அந்த மன்னிப்பைக் கேட்பது யார் என்பதுதான் விளங்கவில்லை. ‘கைப்’ என்று படித்த மாணவன் மறுநாள் முகம் சிவந்து வந்து நின்றான். அந்தச் சொல்லில் இனி அவன் வாழ்நாளில் தவறமாட்டான்.

அந்த மாணவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சில வாரங்களுக்குப் பின், நஹ்வுப் பாடத்தில் நான் பதினொரு ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஒரு நூலின் கடினமான வரி வந்தது. முன்பின் பொருந்தாத வரி அது. நஹ்வு ஆசிரியர்களுக்கே உரிய சாமர்த்தியத்தோடு, இங்கே ஒரு சொற்றொடர் ‘மஹ்தூஃப்’, அதாவது விடப்பட்டு மறைவாக நிற்கிறது என்று ஆண்டுதோறும் விளக்கி வந்தேன். மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் அவன் தயங்கியபடி கைப்பேசியோடு என்னிடம் வந்தான். அந்நூலின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் நிழற்படத்தை ஓர் அயல்நாட்டு நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடி எடுத்திருந்தான்.

“உஸ்தாத், இதைக் கொஞ்சம் பாருங்க” என்றான்.

பார்த்தேன். என் அச்சுப் பிரதியில் ஒரு முழுவரியே இல்லை. இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்திருந்தன. அச்சுக்கோத்தவரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது. இப்னு புத்லான் எழுதி வைத்த அதே கேடு. சொற்றொடர் விடப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னது சரிதான். விட்டவர் நூலாசிரியர் அல்லர், அவ்வளவே. முறையாக உஸ்தாதிடம் கேட்டுக் கற்ற நான் பொருள் தரும் பிழை ஒன்றைப் பதினொரு வகுப்புகளுக்குக் கடத்தியிருக்கிறேன். அவர்களுள் பலர் இன்று வேறு ஊர்களில் அதையே கற்பித்துக்கொண்டிருக்கக்கூடும். கைக்கு எட்டியவர்களுக்கு எழுதியும் பேசியும் தெரிவித்து வருகிறேன். மூவரிடமிருந்து இன்னும் மறுமொழி இல்லை.

என் பிரதியை அவனிடமே கொடுத்து, விடுபட்ட வரியை ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுத் திருப்பித் தந்தான். இன்னும் முடியவில்லை என்றேன். வரி விடுபட்ட இடத்திலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு சிறு கோடு வளைய வேண்டும். ஓரத்து வரியின் முடிவில் ‘ஸஹ்ஹ’, அதாவது ‘சரியானது’ என்ற சொல் நிற்க வேண்டும். இமாம் இப்னுஸ் ஸலாஹ் விவரிக்கும் முறை இது. அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை, கற்றுக்கொடுத்தேன். கோட்டை வளைத்து, ‘ஸஹ்ஹ’ எழுதி, நான் சொன்னபடி கீழே தன் பெயரையும் அன்றைய தேதியையும் இட்டான்.