தோள் மேல ஏறினா அது விளையாட்டா, கலை நிகழ்ச்சியா?

இன்னைக்கு எபிசோடை நெய்வேலியில இருந்து ஆரம்பிக்கலாம்.

நெய்வேலி ஒரு நிறுவனம் கட்டின ஊர். 1956-ல பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாச்சு, அடுத்த வருஷமே சுரங்க வேலை தொடங்கிடுச்சு. அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம்: செய்யற வேலையை விட, அந்த வேலைக்கு என்ன பேர் வெச்சிருக்காங்கங்கறதுதான் பல நேரம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஒரே சுரங்கம், ஒரே வெயில். ஒருத்தர் நிரந்தரத் தொழிலாளி, பக்கத்துல இருக்கறவர் ஒப்பந்தத் தொழிலாளி. 2014-லயும் 2023-லயும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணப்போ, முக்கியமான கோரிக்கைகள்ல ஒண்ணு பணி நிரந்தரம். அதாவது, பேரை மாத்துங்கன்னு.

இதை ஏன் சொல்றேன்னா, இன்னைக்குத் தலைப்பும் பேர் பத்தினதுதான். சியர்லீடிங் ஒரு விளையாட்டா?

சிரிக்காதீங்க. நம்ம ஸ்கூல் விழாவை நினைச்சுப் பாருங்க. பிள்ளைங்க தோள் மேல தோளா ஏறி மனிதக் கோபுரம் கட்டுவாங்க. உச்சியில நிக்கிற குட்டிப் பொண்ணு கொடியை விரிக்கும். கீழ நிக்கிறவங்க கால் நடுங்கும். ஆனா அழைப்பிதழ்ல அதுக்குப் பேர் 'கலை நிகழ்ச்சி'. அதே மைதானத்துல நூறு மீட்டர் ஓடினா அது 'விளையாட்டு'. ஓடினவனுக்குப் பயிற்சியாளர் உண்டு, சான்றிதழ் உண்டு. கோபுரத்து உச்சியில நின்னவளுக்குக் கைதட்டல், மிஞ்சிப்போனா ஒரு டிபன் பாக்ஸ்.

சரி, சியர்லீடிங் எங்க இருந்து வந்துச்சு? 1898 நவம்பர், அமெரிக்காவோட மினசோட்டா பல்கலைக்கழகம். அவங்க கால்பந்து அணி தோத்துக்கிட்டே இருந்த நேரம். ஜானி கேம்பல்னு ஒரு மாணவர் கூட்டத்துக்கு முன்னாடி வந்து நின்னு, எல்லாரையும் ஒரே குரல்ல கத்த வெச்சார். அவரைத்தான் முதல் சியர்லீடர்னு சொல்றாங்க. ஆமா, ஆம்பளை. ஆரம்பத்துல இது முழுக்க ஆண்கள் வேலை. பின்னாடி அமெரிக்க அதிபரான ஐசனோவர், ராணுவக் கல்லூரியில முழங்கால் அடிபட்டுக் கால்பந்து ஆட முடியாமப் போனப்போ, சியர்லீடரா ஆனவர்தான். 1920-கள்ல பெண்கள் உள்ள வந்தாங்க. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனதும் களம் பெண்கள் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ஜிம்னாஸ்டிக்ஸ் சேர்ந்துச்சு, தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது சேர்ந்துச்சு, தனிப் போட்டிகளும் வந்துச்சு.

நம்ம ஊருக்கு அது வந்தது 2008 ஐபிஎல்லோட. இங்க வந்த கேள்வி 'இது விளையாட்டா'ங்கறது இல்ல, 'இது ஆபாசமா'ங்கறது. மகாராஷ்டிராவுல அரசியல்வாதிகளே எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. அந்தப் பெண்கள் எவ்வளவு நேரம் பயிற்சி எடுக்கறாங்கன்னு கேட்க யாருக்கும் தோணல. சேப்பாக்கத்துல டிரம்ஸ் சிவமணியும் கூட்டத்தை உசுப்பேத்தினார். அவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கல.

இந்தக் கேள்வி அமெரிக்காவுல நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அங்க 1972-ல வந்த ஒரு சட்டப்படி, அரசுப் பணம் வாங்குற கல்வி நிலையங்கள் விளையாட்டுல பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரணும். 2009-ல குவினிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைச்சுட்டு, அதுக்குப் பதிலா சியர்லீடிங் அணியை விளையாட்டுக் கணக்குல சேர்க்கப் பார்த்துச்சு. வாலிபால் வீராங்கனைகளும் அவங்க பயிற்சியாளரும் வழக்குப் போட்டாங்க. 2010 ஜூலையில தீர்ப்பு வந்துச்சு: போட்டி சியர்லீடிங் இன்னும் ஒழுங்கான அமைப்பு இல்லாம இருக்கு, அதனால இப்போதைக்கு அதை விளையாட்டா எண்ண முடியாது. 2012-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது.

மேலோட்டமா பார்த்தா பெண்களோட ஆட்டத்தை மட்டம் தட்டின தீர்ப்பு மாதிரி தெரியும். ஆனா அது காப்பாத்தினதும் ஒரு பெண்கள் அணியைத்தான். 'விளையாட்டு'ங்கற பேரை ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தர் இடம் பறிபோகலாம்.

அதே 2012-ல அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் எதிர்த் திசையில பேசினாங்க. சியர்லீடிங்கை விளையாட்டா அறிவிங்கன்னு கேட்டாங்க. காரணம் பெருமை இல்ல, பாதுகாப்பு. தலையிலயும் கழுத்துலயும் கடுமையா அடிபடற பிள்ளைங்க இருக்காங்க. விளையாட்டுன்னு பேர் வந்தாத்தான் தகுதியான பயிற்சியாளர், மருத்துவப் பரிசோதனை, சரியான பயிற்சி இடம் எல்லாம் கட்டாயமாகும். 2021-ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உலக சியர்லீடிங் அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்துச்சு. ஒலிம்பிக்ல போட்டியா இன்னும் நடக்கல, ஆனா கதவு திறந்தாச்சு.

இப்போ நெய்வேலிக்கே திரும்புவோம். அங்கிருந்து பண்ருட்டி வழியா வடக்கே போனா விழுப்புரம். 1993 வரைக்கும் ரெண்டு ஊரும் ஒரே தென் ஆற்காடு மாவட்டம். இன்னைக்குத் தமிழ்நாட்டுல மல்லர் கம்பம்னு சொன்னா முதல்ல ஞாபகம் வர்ற ஊர் விழுப்புரம்தான்.

மல்லர் கம்பத்தோட கதை சியர்லீடிங் கதைக்கு ரொம்பப் பக்கம். பேர்லயே இருக்கு: மல்லன்னா மல்யுத்த வீரன். பிடியும் உடம்பு வளைவும் கூடறதுக்காக மல்யுத்தக்காரங்க கம்பத்துல பழகினாங்க. அதாவது, இன்னொரு விளையாட்டுக்குத் துணை. பேஷ்வா காலத்துல மராட்டியத்துல பாலம்பட்ட தாதா தேவ்தர் அதுக்குப் புத்துயிர் கொடுத்தார். 1958-ல தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில இடம் கிடைச்சது. 2013-ல மத்தியப் பிரதேசம் அதை மாநில விளையாட்டா அறிவிச்சது. 2022-ல ஹரியானாவுல நடந்த கேலோ இந்தியா போட்டியில களரிப்பயட்டு, கட்கா, தாங்-தா, யோகாசனத்தோட மல்லர் கம்பமும் இருந்துச்சு. அதே வருஷத்துக்கான அர்ஜுனா விருது முதல்முறையா ஒரு மல்லர் கம்ப வீரருக்குப் போச்சு, சாகர் ஓவல்கருக்கு.

நம்ம சிலம்பமும் அப்படித்தான். திருவிழாவுல சுத்தினப்போ அது 'வீர விளையாட்டு', ஆனா அரசாங்கக் கணக்குல வேற. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பத்தைச் சேர்த்த பிறகுதான், கம்பு சுத்தற பொண்ணோட அப்பா அம்மா "இதுல எதிர்காலம் இருக்கு"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியாவுல அது காட்சி விளையாட்டா வந்துச்சு.

அப்போ, சியர்லீடிங் விளையாட்டா? என் பதில்: அந்த ஒரே பேருக்குள்ள ரெண்டு வேலை இருக்கு. பவுண்டரி கோட்டுக்கு வெளிய, இன்னொருத்தர் ஆட்டத்துக்காக ஆடறது ஒண்ணு. அது நிகழ்த்துக்கலை. அதுக்கு வேண்டியது நல்ல சம்பளமும் மரியாதையும். தனக்குன்னு களம், விதி, நடுவர், தோல்வி எல்லாம் இருக்கிற போட்டி சியர்லீடிங் இன்னொண்ணு. அது விளையாட்டுதான். கம்பத்துல தலைகீழா தொங்கினா விளையாட்டு, மனுஷத் தோள்ல நின்னா இல்லன்னு சொல்ல எனக்கு எந்த நியாயமும் தெரியல.

ஆனா ஒரு நிபந்தனை. பேரை மட்டும் கொடுத்துட்டு வேற அணியோட இடத்தைப் பிடுங்கக் கூடாது. பேரோட பயிற்சியாளரும், கீழ விரிக்க மெத்தையும் வரணும்.

அடுத்த தடவை ஸ்கூல் விழாவுல கோபுரம் கட்டினா, கைதட்டறதுக்கு முன்னாடி கீழ பாருங்க. மெத்தை இருக்கான்னு. இல்லன்னா கேளுங்க. உச்சியில நிக்கிற அந்தக் குழந்தைக்கு, அது விளையாட்டா கலையாங்கற விவாதத்தை விட அதுதான் அவசரம்.

மீண்டும் அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.