ஏலமலை நிழல்மரமும் பல்வேரை அடைக்கும் பசையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினால் அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். ஏலச்செடி நேர்வெயிலைத் தாங்காது என்பதால் பழைய காட்டு மரங்களை நிழலுக்காக விட்டுவைத்திருப்பார்கள். அவற்றில் இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த பாலி மரமும் ஒன்று, கீறினால் பால் வடியும். இதன் மலேயா நாட்டு உறவுக்கார மரத்தின் பால்தான், ரூட் கெனால் செய்துகொண்ட பெரும்பாலோரின் பல்வேருக்குள் இன்று உறைந்து கிடக்கும் கட்டாபெர்ச்சா!

ஈஸ்ட் இந்தியக் கம்பெனி மருத்துவரான வில்லியம் மாண்ட்கோமரி 1843ல் சிங்கப்பூரிலிருந்து இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போனது போக, பல் மருத்துவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1867ல் பௌமன் என்பவர் இதை வேர்க்குழலில் அடைத்தார்.

ஆனால் கட்டாபெர்ச்சா குழலின் சுவரில் தானாக ஒட்டாது. இடுக்கு இருந்தால் கிருமி மறுபடி நுழையும். இடுக்கை நிரப்ப ஒரு பசை வேண்டும். வலிக்கும் வலியின்மைக்குமான கதை இந்தப் பசையில்தான் இருக்கிறது.

1931ல் ரிக்கெர்ட் துத்தநாக ஆக்சைடையும் யூஜினாலையும் குழைத்து ஒரு பசை கொண்டுவந்தார். அதில் கலந்த வெள்ளித்தூள் பல்லைக் கறுக்கச் செய்ததால், கிராஸ்மேன் 1958ல் வெள்ளி இல்லாத கலவையை வெளியிட்டார். யூஜினால் வேறொன்றுமில்லை, பாட்டிமார் சொத்தைப் பல்லில் வைக்கச் சொல்லும் கிராம்பு எண்ணெயின் சாரம்தான். 1800 வாக்கில் குற்றாலத்தில் கம்பெனி தோட்டம் போட்டு வளர்த்ததும் இந்தக் கிராம்பையே. கொஞ்சமாக இருந்தால் நரம்பை மரக்கச் செய்யும். அதிகமானால் உயிரணுக்களையே கொல்லும். பசை வேர்நுனியைத் தாண்டிப் பிதுங்கினால் மருந்தே எரிச்சலாகிவிடும்.

இதைவிட மோசமான கதை சார்ஜென்டி பசையுடையது. ஒரே அமர்வில் வேலை முடியும் என்று பேசப்பட்ட அதில் பாராஃபார்மால்டிஹைடு இருந்தது. கீழ்த்தாடை நரம்பின் மேல் கசிந்தபோது சிலருக்கு உதடு நிரந்தரமாக மரத்தது, சிலருக்கு எரிச்சல் விடவேயில்லை. அமெரிக்க மருந்து ஆணையம் அதற்கு ஒருபோதும் அங்கீகாரம் தரவில்லை. அவசரத்துக்குக் கொடுத்த விலை என்றே சொல்ல வேண்டும்.

பின்னர் எபாக்சி ரெசின் பசைகள் வந்தன. 1993ல் டோராபினெஜாட் குழுவினர் அறிமுகம் செய்த எம்.டி.ஏ. என்ற சிமென்டின் வழியில் இப்போது பயோசெராமிக் பசைகள் வந்திருக்கின்றன. இவை விலை அதிகம். வலியாவது குறைகிறதா என்றால், ரெசின் பசையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. சிலவற்றில் முதல் நாளில் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். எந்தப் பசையானாலும் முதல் ஓரிரு நாள் வலி இருக்கலாம், பிறகு தணியும். சிகிச்சைக்கு முன் எவ்வளவு வலி இருந்தது என்பதே பின்னால் வரும் வலியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

விடியலில் ஜீப் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகும் தினக்கூலிப் பெண்ணுக்கு அந்த ஓரிரு நாள் என்பது ஓரிரு நாள் கூலி. அதனால்தான் பலரும் கிராம்பை வைத்துக்கொண்டு சமாளித்து, வலி தாங்க முடியாமல் போனபின் பல் ஆஸ்பத்திரிப் படியேறுகிறார்கள். அந்த நிலையில் போடும் பசை விலை உயர்ந்ததானாலும் வலி அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.