சோம்பேறிப் பாத்தி

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையோரக் குன்றுகளில் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் தழும்புகள் இன்றும் வரிவரியாகத் தெரிகின்றன. எழுத்தறியா ஏழை உழவர் தம் கையால் எழுதிச் சென்ற வரலாறு அதுவேயாகும்.

ஈரமும் கல்லும் மிகுந்த அச்சரிவுகளில் ஏர் ஓடாது. உழவன் புல்தரையின்மீது எருவைப் பரப்புவான். கடலோரத்தில் கடற்பாசியே எரு. அதன்மேல் முளைக்கண்ணுள்ள கிழங்குத் துண்டுகளை வைத்து, இருபுறத்துப் புல்மண்ணையும் மண்வெட்டியால் பெயர்த்துக் கவிழ்த்து மூடுவான். புல் மக்கி உரமாகும்; மண் பெயர்த்த இடம் வாய்க்காலாகி மழைநீரை வடிக்கும். செடி வளர்ந்ததும் வாய்க்கால் மண்ணை அள்ளி அணைப்பான். கடற்பாசியைக் கூடையிலிட்டு மேட்டுக்குச் சுமந்தோருள் பெண்டிரும் இருந்தனர்.

இவ்வளவு பாடுபட்டு அமைத்ததற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் யாது? ‘சோம்பேறிப் பாத்தி’ என்பதே!

அவ்வுழவர்க்குச் சொந்த நிலமில்லை. பண்ணையில் உழைத்த உழைப்பே துண்டு நிலத்திற்கு வாடகையாகக் கழிந்தது. விளைந்த தானியம் குத்தகைக்குச் சென்றது. வயிற்றுக்குக் கிழங்கு ஒன்றே எஞ்சியது. ஏறத்தாழ ஓர் ஏக்கர்க் கிழங்கு ஒரு குடும்பத்தைக் காத்தது. பழைய கிழங்கு தீர்ந்து புதியது விளையாத கோடை மாதங்களில் பசியே துணை. நிலம் குறுகக் குறுக, மட்டமான மண்ணிலும் மிகுதியாக விளையும் ‘லம்பர்’ என்னும் இனத்தையே ஏழைகள் பெரிதும் நம்பினர்.

1845இல் கருகல் நோய் புகுந்தது. 1846இல் விளைச்சல் அநேகமாக முற்றும் அழிந்தது. அப்பஞ்ச ஆண்டுகளிலும் தானியம் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு உதவியில்லை என்று 1847இல் சட்டம் வந்தது. கஞ்சி வேண்டுமாயின் பாத்தியைத் துறக்க வேண்டும். நிவாரணச் செலவை மேற்பார்த்த அதிகாரி சார்லஸ் டிரவெலியன். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவரும் இவரே. 1841இல் சுமார் 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 இலட்சமாகக் குறைந்தது. ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர்.

பயிரை அழித்தது நோய்; மக்களை அழித்தது நிலமின்மை. இதனை உணர்ந்த குடியானவர் 1879இல் நிலக் கழகம் கண்டு போராடினர். உழுதவரே நிலத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளப் பெருவழி திறந்த சட்டம் 1903இல் வந்தது.

உழைப்பவனுக்குப் பிறர் இட்ட பெயரை அப்படியே நம்புதல் கூடாது. பெயரிட்டவர் எவர், நிலம் எவர் கையில் இருந்தது என்று கேட்டறிவதே வரலாற்றுக் கல்வியின் பயனாகும்.